சும்மா இருந்தாலும் ஓடும் கம்ப்யூட்டர்

அந்த ஊரில் ஒரு சேவை மையம் இருக்கிறது. ஓர் அக்கா அதை நடத்துகிறார். சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் போட்டார். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அங்கே விண்ணப்பம் பதியலாம்.

கொஞ்ச நாளாக அக்காவுக்கு ஒரு கவலை. வேலை எதுவும் நடக்காதபோதும் கம்ப்யூட்டரின் ஃபேன் 'உர்' என்று இரைந்தது. பெட்டியைத் தொட்டால் சுட்டது.

ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார். உதவித்தொகைக்கு மனுப் போடுவதற்காக அன்றைய கூலி வேலையை விட்டு வந்திருந்தார். பாதி விவரம் அடித்தபோது மின்சாரம் போய்விட்டது. முன்பெல்லாம் யு.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கும். அன்று எட்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. அடித்தது எல்லாம் அழிந்தது.

"நாளைக்கும் கூலி போச்சா, தாயி?" என்று பாட்டி கேட்டார்.

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை.

டவுன் கடைக்காரர், "போர்டு போயிருக்கும். மாற்ற 8,000 ரூபாய் ஆகும்" என்றார். மறுபடியும் கடனா? அக்கா தயங்கினார். குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் மகன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். அவரை வரச் சொன்னார்.

தம்பி வந்தார். பெட்டியை உடனே திறக்கவில்லை. முதலில் ஒன்றை விளக்கினார்.

"அக்கா, கம்ப்யூட்டரின் மூளைக்குப் பெயர் பிராசசர். அது வேலை இருந்தால் வேகமாக ஓடும். வேலை இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்து ஓய்வு எடுக்கும். 2000-ஆம் ஆண்டில் மடிக்கணினிகளில் இந்த வசதி வந்தது. பிறகு மேசைக் கம்ப்யூட்டருக்கும் வந்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஓய்வே எடுக்கவில்லை போலிருக்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோவை முறுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?"

"பெட்ரோல் வீண். எஞ்சின் சூடாகும்."

"இங்கே பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம். அவ்வளவுதான்."

தம்பி எல்லா வேலைகளையும் மூடினார். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். 'டாஸ்க் மேனேஜர்' திறந்தது. இரண்டு நிமிடம் காத்திருந்தார்.

"ஏன் தம்பி காத்திருக்கிறீர்கள்?"

"இதைத் திறப்பதும் ஒரு வேலைதான். உடனே பார்த்தால் வேகம் கூடுதலாகத்தான் தெரியும்."

பிறகு இரண்டு எண்களைக் காட்டினார். பிராசசர் செய்யும் வேலை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 320 கோடி துடிப்பு. அது குறையவே இல்லை.

"வேலையின் அளவு 30, 40 என்று இருந்தால், ஏதோ ஒரு புரோகிராம் மறைவாக ஓடுகிறது என்று பொருள். அது வைரஸ் சோதனையாக இருக்கலாம். விண்டோஸ் புதுப்பிப்பாக இருக்கலாம். அவை முடியும்வரை பொறுக்கலாம். திருட்டுத்தனமாகப் புகுந்த புரோகிராமும் இருக்கலாம். அதை நீக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் அமைப்பைப் பார்க்க வேண்டும்."

கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியைத் திறந்தார். அங்கே 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்பது தேர்வாகி இருந்தது. அதன் உள்ளே 'மினிமம் பிராசசர் ஸ்டேட்' 100 என்று இருந்தது.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான்தான் தம்பி மாற்றினேன். வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்தேன்."

"அதில் தப்பில்லை அக்கா. ஆனால் குறைந்தபட்சமே 100 என்றால், எப்போதும் முழு வேகம்தான். விவரம் அடிப்பது இதற்குப் பெரிய வேலையே இல்லை. 'பேலன்ஸ்டு' போதும்."

தம்பி அப்படியே மாற்றினார். அதில் குறைந்தபட்சம் 5 என்று இருந்தது. சிறிது நேரத்தில் வேகம் 0.8-க்கு இறங்கியது. மின்சாரம் அளக்கும் சிறு மீட்டரை மாட்டியிருந்தார். முன்பு 70 வாட் காட்டியது. இப்போது 45 வாட் காட்டியது.

பிறகு மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். ஃபேனில் தூசி அடை அடையாக இருந்தது. பிரஷ்ஷால் துடைத்தார். சத்தம் நின்றது.

"போர்டு நன்றாக இருக்கிறது. யு.பி.எஸ். பாட்டரி மட்டும் பழசு. அதைப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் அடிக்கடி சேமித்து வையுங்கள்" என்றார் தம்பி.

மறுநாள் அக்கா பாட்டிக்கு ஆள் அனுப்பினார். வேலை முடிந்து மாலையில் வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னார். அன்று மாலை விண்ணப்பம் பதிவானது. பாட்டி ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

கணக்குப் போடுவோம்

மிச்சம்: 70 - 45 = 25 வாட்.
ஒரு நாளில் 10 மணி நேரம்: 25 x 10 = 250.
மாதத்தில் 25 நாள்: 250 x 25 = 6,250.
1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.
ஆக, மாதம் 6 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

நினைவில் வைப்போம்

1. முதலில் வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். பிறகு வேகத்தைப் பார்க்க வேண்டும்.
2. வேலையும் இல்லை, வேகமும் குறையவில்லை என்றால் பவர் அமைப்பைப் பார்க்க வேண்டும்.
3. அப்போதும் குறையாவிட்டால், பயாஸ் அமைப்பில் வேகம் குறையும் வசதி நிறுத்தப்பட்டிருக்கலாம். விவரம் தெரிந்தவர் மட்டும் அதைத் தொட வேண்டும்.
4. சில புதிய பிராசசர்கள் வேகம் அதிகமாகக் காட்டினாலும் உள்ளே ஓய்வு எடுக்கும். சூடும் இரைச்சலும் இல்லை என்றால் பயம் வேண்டாம்.
5. காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றக் கூடாது.

பதில் சொல்லுங்கள்

1. தம்பி ஏன் இரண்டு நிமிடம் காத்திருந்தார்?
2. அக்கா செய்த மாற்றத்தால் என்ன ஆனது?
3. உங்கள் வீட்டில் வேலை இல்லாமல் ஓடும் பொருள்கள் எவை?