மாதிரியிலிருந்து பண்டம் வரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாலுகா அலுவலக வாசலிலும் கல்லூரித் தெருவிலும் ஜெராக்ஸ் கடை இல்லாத ஊரைக் காண்பது இன்று அரிது. சான்றிதழை நீட்டிய சில வினாடிகளில் பிரதியைக் கையில் தரும் அந்த யந்திரம், ஒரு மேதையின் மூளையில் ஒரு நாள் உதித்து மறுநாளே கடைக்கு வந்ததென்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். புதியன புனையும் ஆற்றல் படைத்த இளைஞர்கள் நம்மிடையே பலர் இருந்தும், அவர்கள் செய்த மாதிரிகள் கண்காட்சி மேசையோடு நின்றுவிடுவதற்கு இத்தகைய எண்ணங்களும் ஒரு காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் இந்த ஒரு யந்திரத்தின் சரித்திரத்தைக் கொண்டே, பரவலாக உள்ள ஐந்து நம்பிக்கைகளைப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: மாதிரி இயங்கிவிட்டால் கண்டுபிடிப்பு பூர்த்தியாயிற்று.

உண்மை: இந்த யந்திரத்தைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் மின்பொருள் நிறுவனம் ஒன்றின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றியவர். ஆவணங்களுக்கும் படங்களுக்கும் ஓயாமல் பிரதி தேவைப்பட்ட தொல்லையே அவரை இம்முயற்சியில் இறக்கியது. 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா என்ற பகுதியில் வாடகைக்கு எடுத்த சிறு அறையில், அவரும் அவருடைய உதவியாளரும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியையும் இடத்தின் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து, சில வினாடிகள் விளக்கொளி படச் செய்து, பிறகு லைக்கோப்போடியம் என்ற தாவரத்தின் நுண்ணிய தூளைத் தூவி ஊதினார்கள். ஒளி படாத இடத்தில் மட்டும் மின்னூட்டம் எஞ்சியிருந்தமையால், எழுத்தின் வடிவிலேயே தூள் ஒட்டி நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றியெடுத்தார்கள். தத்துவம் அன்றே நிரூபணமாகிவிட்டது. ஆனால் சாமானிய அலுவலகத்தில் வைத்து உபயோகிக்கத்தக்க யந்திரம் வெளிவந்தது 1959-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 21 ஆண்டுகளின் உழைப்பையும் சேர்த்ததே கண்டுபிடிப்பு.

நம்பிக்கை 2: காப்புரிமை கிடைத்துவிட்டால் செல்வம் தானே தேடி வரும்.

உண்மை: கார்ல்சனுக்கு மூலக் காப்புரிமை 1942 அக்டோபரில் கிடைத்தது. அவர் அணுகிய நிறுவனங்கள் இருபதுக்கும் மேல், ஐ.பி.எம்., ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. போன்ற பெரும் ஸ்தாபனங்கள் அவற்றில் அடங்கும். ஒன்றேனும் ஏற்கவில்லை. 1944-இல் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இருந்த பேட்டல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்த பிறகே வேலை சூடுபிடித்தது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள், வழங்கிய நாள் முதல் 17 ஆண்டுகள். ஆகவே மூலக் காப்புரிமை 1959 அக்டோபரில் காலாவதியாயிற்று. யந்திரம் அறிமுகமானதோ அதற்கு முந்திய மாதம்! பிற்பட்ட அபிவிருத்திகளுக்குப் பெற்ற காப்புரிமைகளே யந்திரத்தை உற்பத்தி செய்த நிறுவனத்துக்கு அரணாக நின்றன. ஆராய்ச்சி நின்றிருந்தால் கையிலிருந்த பத்திரத்துக்கு மதிப்பே இருந்திராது.

நம்பிக்கை 3: ஒன்றைச் செய்தவருக்கு ஆயிரம் செய்வது எளிது.

உண்மை: வீட்டில் நால்வருக்குச் சமைப்பவர் கலியாணப் பந்திக்குச் சமைக்கப் புகுந்தால், அளவு மட்டுமன்றி அடுப்பும் பாத்திரமும் ஆளும் முறையும் அனைத்துமே மாறவேண்டியிருக்கும். நிபுணர் ஒருவர் பக்குவமாகத் தேய்த்தபோது இணங்கிய தகடு, பயிற்சியற்ற குமாஸ்தாவின் கையில் எல்லாப் பருவத்திலும் ஒரே விதமாக இணங்க வேண்டுமல்லவா? பேட்டல் நிலையத்தார் கந்தகத்தின் இடத்தில், ஒளியைப் பன்மடங்கு நுட்பமாக உணரும் செலினியத்தை வைத்தார்கள். கைக்குட்டை போய், உயர் மின்னழுத்தக் கம்பி வந்தது. பின்னர் ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்டு நிறுவனம் உரிமை பெற்று, தகட்டை உருளையாக்கிற்று. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தாள்களைப் பிரிக்கக் காற்றை ஊதும் அமைப்பும், உருளையில் எஞ்சும் தூளைத் துடைக்க முயல் ரோமத்தாலான தூரிகையும் அமைத்தார்கள். தூளைத் தாளில் நிலைபெறச் செய்யும் வெப்பத்தில், சிக்கிய தாள் சில சமயம் தீப்பற்றியது. ஆகவே யந்திரத்தோடு சிறு தீயணைப்பானையும் சேர்த்தே அனுப்பினார்கள். இந்தச் சில்லறைச் சங்கடங்களுள் ஒன்றேனும் அஸ்டோரியா அறையில் தலைகாட்டியதில்லை. உற்பத்தி என்ற மேடையிலேதான் இவை வெளிப்படும்.

நம்பிக்கை 4: முதலில் விற்பனைக்கு வந்த பொருள் தோற்றால் முயற்சியே தோற்றது.

உண்மை: ஹாலாய்டு 1949-இல் வெளியிட்ட முதல் யந்திரத்தில், தகட்டைக் கையாலேயே ஒவ்வொரு கட்டமாக நகர்த்த வேண்டும், ஒரு பிரதிக்குப் பல நிமிஷங்கள் பிடிக்கும். அலுவலகங்கள் அதை வேண்டாமென்றன. ஆனால் ஆப்செட் அச்சுக்கான மூலத்தகடு தயாரிக்க அது வெகுவாக உதவியதென்று தெரிந்தது. எதிர்பாராத அந்த உபயோகம் தந்த வருமானமும், தலைவர் ஜோசப் வில்சனின் தளராத உறுதியுமே அடுத்த பத்தாண்டு ஆராய்ச்சியைத் தாங்கின. எங்கே பயன்படுகிறது என்று கவனிப்பவருக்குத் தோல்வியும் ஆசிரியனாகும்.

நம்பிக்கை 5: நல்ல பொருளுக்கு விற்பனை யோசனை அவசியமில்லை.

உண்மை: 1959-இல் வந்த 914 என்ற யந்திரம் சுமார் 294 கிலோ எடையுள்ளது; விலையும் மிக அதிகம். மொத்தம் 5,000 யந்திரங்களுக்குமேல் போகாதென்று, ஐ.பி.எம். நிறுவனத்துக்கு ஆலோசனை கூறியோர் கணித்தார்கள். விலைக்கு வாங்குவோரை மட்டும் எண்ணினால் அக்கணக்கில் நியாயம் இருந்தது. ஹாலாய்டு வேறு வழி கண்டது: மாதம் 95 டாலர் வாடகை, 2,000 பிரதிகள் அதிலேயே அடக்கம், மேற்பட்டவற்றுக்குப் பிரதிக்குச் சில சென்ட். யந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும், பிரதி எடுக்கும் வழக்கமே பெருகிற்று. சுமார் 2 லட்சம் யந்திரங்கள் உற்பத்தியாயின. வாடகை முறையும் அந்தக் கண்டுபிடிப்பின் ஓர் அங்கமென்றே நான் கொள்கிறேன்.

ஆதலால், மாதிரியொன்றைச் செய்து முடித்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பரிசுக் கோப்பையோடு திருப்தி அடையாதீர்கள். அதே பொருளை இன்னும் பத்துச் செய்து, அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களிடம் கொடுத்து, எங்கே உடைகிறது, எங்கே தடுமாறுகிறார்கள், பழுதானால் யார் சரிசெய்வார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் படைத்தோரும் கல்லூரி நிர்வாகிகளும், போட்டிப் பரிசுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது இந்த நீண்ட, புகழற்ற நடுக்காலத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்த நடுக்காலத்தைத் தாங்கும் பொறுமையும் பொருளும் இல்லாத இடத்தில், எத்தனை மேதைகள் பிறந்தாலும் ஒரு பண்டமும் கடைக்கு வராது.