குவெரி என்ன தந்துச்சு? பைத்தான்கிட்டயே கேப்போம்

செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. எங்க அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட்டோட ரிப்போர்ட்டைத் திறந்தா, ஸ்டூடண்ட் பேர் வரவேண்டிய இடத்துல வரிசையா "மெக்கானிக்கல்", "சிவில்", "மெக்கானிக்கல்". எரர் ஒண்ணுமே இல்லை. எரர் வந்திருந்தா கூகுள்ல தேடியிருக்கலாம். தப்பான விடை அமைதியா வந்தா எதைத் தேடுறது?

நாங்க பயன்படுத்தினது பைத்தானும் எஸ்க்யூலைட்டும். பைத்தான்ல ஒரு குவெரியை எக்ஸிக்யூட் பண்ணினதும், என்னென்ன ஃபீல்டு வந்திருக்குன்னு கர்சர்கிட்டயே கேக்கலாம். அதுக்கு டிஸ்கிரிப்ஷன்னு ஒரு அட்ரிபியூட் இருக்கு. பெப் 249 விதிப்படி ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 7 மதிப்பு உள்ள ஒரு டியூப்பிள்: முதல்ல பெயர், ரெண்டாவது டைப், அப்புறம் மத்தது. ஆனா எஸ்க்யூலைட்3 மாட்யூல் பெயரை மட்டும்தான் தரும். மீதி 6 இடத்துலயும் 'நன்'தான். டைப் தெரியணும்னா ரோவுல வந்த மதிப்பையே டைப் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்க. ஒரு ரோ கூட கிடைக்காத செலக்ட்டுக்கும் டிஸ்கிரிப்ஷன் இருக்கும். சாதாரண இன்சர்ட்டுக்கு 'நன்' வரும்.

சரி, எங்க கதைக்கு வருவோம். டிஸ்கிரிப்ஷன்ல இருந்து பெயர்களை எடுத்து, ரோவோட ஜிப் பண்ணி டிக்ஷனரி ஆக்கியிருந்தோம். அழகான ஒரு வரி கோட். ஆனா ஜாயின் பண்ணின ரெண்டு டேபிள்லயும் 'நேம்'னு ஒரு ஃபீல்டு. டிக்ஷனரியில ஒரே கீ ரெண்டு தடவை வந்தா கடைசியா வந்ததுதான் நிக்கும். ஸ்டூடண்ட் பேர் போச்சு, டிபார்ட்மெண்ட் பேர் ஜெயிச்சது! டிஸ்கிரிப்ஷனை ஒரு தடவை பிரிண்ட் பண்ணினப்பதான் ரெண்டு 'நேம்' பக்கத்துப் பக்கத்துல நின்னது தெரிஞ்சது. அதுவரைக்கும் ஒன்றரை மணி நேரம் டேட்டாவைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்.

எஸ்க்யூலைட்3.ரோ போட்டா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க. அதுல பெயர் சொல்லிக் கேட்டா முதல்ல வந்த ஃபீல்டு கிடைக்கும். ஸ்டூடண்ட் பேர் சரியா வரும், டிபார்ட்மெண்ட் காணாமப் போகும். உண்மையான தீர்வு குவெரியிலயே இருக்கு: 'ஆஸ்' போட்டு ரெண்டுக்கும் தனிப் பெயர் வைக்கணும்.

கூடவே ஒரு செக் சேர்த்தோம். பெயர்களோட லிஸ்ட்டின் நீளமும், அதையே செட் ஆக்கினா வர்ற நீளமும் சமமா இல்லன்னா வேல்யூ எரர் ரெய்ஸ் பண்ணு. ரெண்டே வரி. போட்ட உடனே இன்னும் ரெண்டு குவெரி மாட்டுச்சு. ரெண்டுலயும் 'ஐடி' ரெண்டு தடவை.