ஓநாய் நிலத்துக்காக ஆட்சேபனை மனு எழுதுவது எப்படி?

இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஓநாய்கள் சுமார் 3,000. அடர்ந்த காட்டைவிட, ஆடு மேயும் பொட்டலும் புல்வெளியும்தான் அவற்றின் வீடு. அரசுப் பதிவேடுகளில் இந்நிலம் பெரும்பாலும் ‘தரிசு’. அதனால் கல்குவாரிக்கும் சோலார் பண்ணைக்கும் எளிதில் கைமாறிவிடுகிறது.

இந்நிலத்தைக் காக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஜார்க்கண்டின் மகுவாடாண்ட் ஓநாய்ச் சரணாலயம் போன்ற இடங்களைச் சுற்றி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கும் சூழல் உணர்திறன் மண்டலத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கும். அதற்கு முன் அரசிதழில் ஒரு வரைவு வரும். 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபனையோ யோசனையோ எழுதலாம். அரசிதழ்ப் பிரதி பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து கெடு தொடங்கும். அந்தத் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைவில் வரைபடம், கிராமப் பட்டியல், எதைத் தடுப்பது, எதை ஒழுங்குபடுத்துவது, எதை ஊக்குவிப்பது என்ற அட்டவணை ஆகிய மூன்றையும் பாருங்கள். புல்வெளியில் மரம் நடுவதை ஊக்குவிப்பதாக இருந்தால் கட்டாயம் எதிர்த்து எழுதுங்கள். நல்லெண்ணத்தில் நட்டாலும், மரம் அடர்ந்தால் புல் போய்விடும். புல்லை நம்பிய ஓநாயும் போய்விடும்.

அடுத்து, களத்துக்குப் போங்கள். ஆடு மேய்ப்பவரிடம் பேசாமல் மனு எழுதாதீர்கள். ஓநாய் எந்த ஓடை வழியாக வருகிறது, இந்த வருஷம் எத்தனை ஆட்டுக்குட்டி போயிற்று, இழப்பீடு கைக்கு வந்ததா என்று கேளுங்கள். விடியற்காலையில் ஏரிச்சேற்றில் தடம் தெரிந்தால் அளவு தெரியப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள். நாயின் தடமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும், எனவே அதை மட்டும் சாட்சியாக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் ஓநாய்க் குட்டிகள் பொந்தில் இருக்கும். கிட்டே போகாதீர்கள், தாய் குட்டிகளை வேறிடம் தூக்கிப்போய்விடும். பொந்தின் இடத்தை மனுவிலும் எழுதாதீர்கள்.

“ஓநாய்களைக் காப்பாற்றுங்கள்” என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் எதையும் திருத்த முடியாது. இப்படி எழுதுங்கள்: “கிராமப் பட்டியலில் எங்கள் ஊர் விடுபட்டுள்ளது. இன்ன சர்வே எண்ணில் உள்ள ஓடை வழியாக ஓநாய்கள் வந்து போகின்றன. எல்லையை ஓடையின் கீழ்க்கரை வரை நீட்டக் கோருகிறேன்.” ஒரு பத்திக்கு ஒரு கோரிக்கை போதும். மேய்ச்சல் தொடர வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். ஆட்டுக்காரருக்கு வழி அடைபட்டால் ஓநாய் மீதுதான் கோபம் திரும்பும். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள்.

அமைச்சகச் செயலாளர், இந்திரா பரியாவரண் பவன், ஜோர் பாக் சாலை, புதுடெல்லி 110003 என்ற முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். வரைவிலுள்ள மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இறுதி அறிவிக்கை வந்ததும் வரைவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உங்கள் கோரிக்கை என்ன ஆனது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். இறுதி அறிவிக்கைக்குப் பின் மாநில அரசு உள்ளூர் மக்களைக் கலந்து மண்டலத்துக்குப் பெருந்திட்டம் தயாரிக்க வேண்டும். பொதுவாக 2 ஆண்டு அவகாசம். அந்தக் கலந்தாய்வுக் கூட்டத்துக்கு ஆட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.