பழைய பைக்கில் விளக்கு மங்கினால்

மழை வலுத்தால் தம்பானூர் பேருந்து நிலையத்தின் முன் தண்ணீர் தேங்குவது நாமறிந்ததே. 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று கால்வாய்களைத் தோண்டியும் பார்த்தார்கள். அந்த ஈரத்தில் ஓடும் பழைய புல்லட், யெஸ்டி வண்டிகளில் நாளடைவில் விளக்கு மங்கும். உடனே பல்பை மாற்றிவிடாதீர்கள்.

இவற்றில் பல 6 வோல்ட் வண்டிகள். 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் வேண்டும். எனவே இணைப்பில் சிறிது துரு பிடித்தாலே ஒரு வோல்ட் போய்விடும். வெளிச்சமோ கிட்டத்தட்ட பாதியாகிவிடும்!

முதல் சந்தேகம் எர்த் மீது விழட்டும். பாட்டரியில் வண்டிச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும் முனையிலிருந்து தனி ஒயர் ஒன்றை எடுத்து ஹெட்லைட்டின் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் பல்பு நிரபராதி. எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு அணைகிறதா? பெரும்பாலும் பின்புற எர்த்தான் காரணம். பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு நீங்கள் நின்றதே தெரியாது, அன்றே சரிசெய்யுங்கள்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவோர் உண்டு. அடுத்த முறை எரிவது ஒயராக இருக்கும்.