தீப நிறத்தில் ஒரு கிட்டார்

திருவண்ணாமலை மகாதீபத்தைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, அப்புறம் இருட்டு. கிட்டார்காரர்கள் இதைத்தான் 'சன்பர்ஸ்ட்' என்கிறார்கள். அலையலையாய் ரேகை ஓடும் மாமரப் பலகைக்கு அது அருமையாகப் பொருந்தும்.

இந்த நிறம் ஏற்ற, முதலில் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிர்த்த நாரை 220 உப்புத்தாளால் ரேகைப்போக்கிலேயே தேயுங்கள். அடர்பழுப்புச் சாயம் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்தால் அலைகளில் மட்டும் கருமை தங்கும், சூட்சுமமே இங்கேதான். பிறகு முழுக்க மஞ்சள், ஓரத்தில் சிவப்பு, விளிம்பில் பழுப்பு. ஈரம் காய்வதற்குள் எல்லைகளைத் துணியால் இழைத்துவிடுங்கள். பெயின்ட் வேண்டாம், ரேகையை மூடிவிடும். எதையும் முதலில் கழிவுத்துண்டில் பூசிப் பார்ப்பது உத்தமம்.

கடைசியில் அரக்கு பாலிஷ். கார்த்திகை மழையில் போட்டால் ஈரக்காற்றில் வெளுத்துப் பூத்துவிடும். தை வெயில் வரட்டும்.