பால்மரமும் பனிச்சாலையும்

நம் பள்ளியில் ஒருநாள் தமிழ் வகுப்பில் பருவ காலங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினாவைக் கேட்டாள். அவளுடைய சித்தப்பா கனடாவின் டொரோண்டோ நகரில் குடும்பத்துடன் வாழ்கிறார். அவர் நவம்பர் மாதத்தில் தம் காருக்கு நான்கு புதிய டயர்கள் வாங்கினாராம். பழைய டயர்கள் தேய்ந்துவிடவில்லை. அவற்றைக் கழற்றி வீட்டில் அடுக்கி வைத்துவிட்டார். இச்செய்தியைத் தொலைபேசியில் கேட்ட பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல டயர் நான்கு இருக்கும்போது மேலும் நான்கு எதற்கு என்று பாட்டி கேட்கிறார். சித்தப்பா செய்தது சரியா, ஐயா?" என்பதே அவள் வினா.

பாட்டியின் கோபத்தில் நியாயம் உண்டு. அவர் இளமையில் ஜொகூரிலுள்ள தோட்டமொன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைநிரையாக மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சுமந்தவர். ஒரு டயருக்குள் எத்தனை பேருடைய விடியற்காலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் நம்முள் யார்? ஆகவே, இவ்வினாவிற்கு ஓரிரு சொற்களில் விடை கூறிவிடாமல், ஆண்டு மலரில் விரிவாக எழுதுவதாக அம்மாணவிக்கு வாக்களித்தோம்.

முதலில் ரப்பர் நம் நாட்டிற்கு வந்த கதையைச் சிறிது காண்போம். பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இன்று நாம் விடுமுறை நாள்களில் உலாவச் செல்லும் பூமலையில் அவற்றுட் சில நடப்பட்டன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, நாள்தோறும் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். காப்பி பயிரிட்டு வந்த தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். அவர்கள் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்று நகையாடினர். நூறாண்டு வாழ்ந்த அப்பெருமகனார், தம்மை நகையாடியவர்களின் தோட்டங்களெல்லாம் ரப்பராக மாறியதைக் கண்ட பின்னரே கண்மூடினார். அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம்முள் பலர். சிங்கப்பூரிலும் செம்பவாங், மண்டாய், நீ சூன் வட்டாரங்களில் பால்மரங்கள் அடர்ந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்விடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. ஆயினும் டயர் செய்யப் பயன்படும் ரப்பரின் உலகச் சந்தை விலையை உறுதிசெய்வதில் சிங்கப்பூர்ச் சந்தைக்கு இன்றும் பெரும்பங்கு உண்டு.

மரத்திலிருந்து வடியும் பாலை அப்படியே டயராக வார்த்துவிட முடியாது. பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் இழுபடும் தன்மையும் பெறுகிறது எனக் கண்டார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். இப்போதைய டயர்களில் கரித்தூளும் சேர்க்கப்படுகிறது. டயரின் கறுப்பு நிறத்திற்கும் உறுதிக்கும் அதுவே காரணம்.

இனி வினாவின் உள்ளே நுழைவோம். கந்தகம் சேர்த்த பின்னரும் குளிரின் பகை ரப்பரை முற்றிலும் விட்டுவிடவில்லை. இதற்கு உலகமே கண்கலங்கிய சான்று ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த எழுவரும் உயிர் துறந்தனர். ஏவூர்தியின் பகுதிகளுக்கு இடையே வெப்ப வாயு கசியாமல் காத்திருக்க வேண்டிய ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் விறைத்துத் தன் வேலையைச் செய்யத் தவறியது. ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் அறிவியலறிஞர், விசாரணைக் கூட்டத்தில் அத்தகைய வளையத்தின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் நெருக்கி, பனிக்கட்டி மிதந்த நீரில் இட்டார். பின்னர் வெளியே எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தியபோது, அத்துண்டு உடனே பழைய வடிவத்திற்குத் திரும்பவில்லை. ஒரு குவளை நீரைக்கொண்டு அவர் அதனை எல்லாருக்கும் விளக்கிவிட்டார்.

டயருக்கு நேர்வதும் இதுவே. டயர் சாலையைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? சாலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் எண்ணற்றவை உள்ளன. மென்மையான ரப்பர் அவற்றுள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. விறைத்த ரப்பர் அவற்றின் மேலே வழுக்கிச் செல்கிறது. வெப்பமான சாலைக்கெனச் செய்யப்பட்ட டயர், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதுமே தன் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது என்று டயர் செய்வோர் கூறுவர். இதனைக் கவனியுங்கள்: நீர் உறைவது 0 பாகையில். ஆகவே பனி பெய்யத் தொடங்குமுன்பே, வெறுஞ்சாலையிலேயே ஆபத்து வந்துவிடுகிறது.

அப்படியாயின் எல்லா டயர்களையும் மென்மையாகவே செய்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குளிரில் மென்மையாக இருக்கும் கலவை வெயிலில் அளவு மீறி இளகும், விரைவில் தேயும், திருப்பங்களில் நெளியும், மழையில் நிற்க நெடுந்தூரம் எடுத்துக்கொள்ளும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதே 'எல்லாப் பருவ டயர்' எனப்படுவது. அது கோடையிலும் ஓடும். இலேசான குளிரையும் தாங்கும். ஆனால் அதன் பெயர் அளிக்கும் வாக்குறுதியை முழுமையாக நிறைவேற்றும் ஆற்றல் அதற்கு இல்லை என்பது எம் கருத்து. கடும்பனியில் அதனை நம்பிச் செல்வது, பள்ளிக் காலணியுடன் பனிமலை ஏறுவதைப் போன்றதாகும். எல்லாப் பருவ டயர்களிலும் தரவேறுபாடு உண்டு. மூன்று மலைச் சிகரங்களுக்குள் ஒரு பனிச்சில்லு வரைந்த முத்திரை, பனிச்சாலையில் சோதனை செய்து தேர்ந்த டயர்களுக்கு மட்டுமே பொறிக்கப்படுகிறது. இம்முத்திரை 1999-இல் வழக்கத்திற்கு வந்தது.

குளிர்கால டயரின் கலவையில் இயற்கை ரப்பரின் பங்கைக் கூட்டிச் சேர்ப்பது வழக்கம். ஏனெனில் பால்மரத்து ரப்பர், செயற்கை ரப்பர் வகைகள் பலவற்றைக் காட்டிலும் கடுங்குளிரிலும் மென்மை குன்றாதது. உறைபனியைக் கண்டறியாத மரத்தின் பால், உறைபனியில் ஓடும் டயருக்கு மென்மையைத் தருகிறது! பாட்டி இதனைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்த்தோம். வகுப்பில் ஒரு சிறு சோதனையும் செய்தோம். ஒரு ரப்பர் வளையத்தையும், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயின் துண்டு ஒன்றையும் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஓரிரவு வைத்தோம். மறுநாள் குழாய்த்துண்டு குச்சியைப்போல விறைத்திருந்தது. ரப்பர் வளையமோ அப்போதும் இழுபட்டது. மாணவர்கள் வீட்டிலும் பெற்றோர் துணையுடன் இதனைச் செய்து பார்க்கலாம்.

கலவையைப் போலவே பள்ளங்களும் முதன்மையானவை. குளிர்கால டயரை உற்றுநோக்கினால், ஆழமான பள்ளங்களுக்கு இடையே கத்தியால் கீறியவை போன்ற நுண்ணிய கீற்றுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் காணலாம். சக்கரம் உருளும்போது இக்கீற்றுகள் வாய்திறந்து பனியைக் கவ்வுகின்றன. இக்கீற்றுகளின் கதை சுவையானது. இறைச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ஜான் சைப் என்பவர், ஈரத்தரையில் வழுக்காமலிருக்கத் தம் காலணியின் அடிப்புறத்தைக் கத்தியால் கீறிக்கொண்டாராம். அவ்வெண்ணமே பின்னர் டயருக்கு வந்ததாம். மற்றொரு வியப்பும் உண்டு. நம் நாட்டில் டயரின் பள்ளத்தில் சேறு அடைத்துக்கொண்டால் தீமையே. பனிச்சாலையிலோ பள்ளத்தில் அடைத்த பனி நன்மை செய்கிறது. பனி பனியோடு ஒட்டும் இயல்புடையது. கையில் பனியை அள்ளி உருட்டினால் அது உருண்டையாவது அதனாற்றான்.

பனிக்கெனத் தனி டயரை முதன்முதல் செய்தவர்கள் பின்லாந்து நாட்டினர். 1934-இல் அங்கு லாரிகளுக்கான குளிர்கால டயர் வெளிவந்தது. 1936-இல் கார்களுக்கும் 'ஹக்கப்பெலிட்டா' என்னும் பெயரில் வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-இல் குளிர்கால டயரைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. அங்கு இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களில் அது இருந்தாக வேண்டும். டொரோண்டோ நகர் அமைந்துள்ள ஒன்டாரியோ மாநிலத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால டயர் பொருத்துவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு அளிக்க வேண்டும் என்னும் விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது.

சித்தப்பா டயர் வாங்கியதற்குச் சட்டமோ கழிவோ காரணமன்று. அதனை அவர் பிறகுதான் வீட்டாரிடம் கூறினாராம். முந்திய குளிர்காலத்தில் ஒருநாள் மாலை, இரு பிள்ளைகளையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு மெதுவாகவே வந்துகொண்டிருந்தார். சாலைச்சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு நிறுத்தியை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. நிற்றற்கோட்டைத் தாண்டிச் சந்திப்பின் நடுவரை வழுக்கிச் சென்றே நின்றது. அவ்வேளை குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. காரில் இருந்தவை எல்லாப் பருவ டயர்கள். தேய்வு அதிகம் இல்லாதவை.

ஆகவே, பாட்டிக்கு எம் விடை இது: சித்தப்பா செய்தது சரி. செலவு இருமடங்கு என்று தோன்றினாலும், ஒரு தொகுதி ஓடும்போது மற்றொரு தொகுதி ஓய்வெடுக்கிறது. தேய்மானம் இரண்டிற்கும் பகிர்ந்து செல்கிறது. கூடுதற் செலவு இல்லாமலில்லை. ஆனால் அது பாட்டி அஞ்சிய அளவு பெரிதன்று. நான்கையும் ஒருங்கே மாற்றியதும் அறிவுடைமையே. சிக்கனம் கருதி முன்சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் இட்டால், முன்புறம் பிடித்துக்கொள்ள, பின்புறம் வழுக்கி, கார் சுழன்றுவிடும். நான்கு சக்கரங்களையும் இயந்திரம் செலுத்தும் கார் இருந்தால் போதும் என்று நினைப்பாரும் உளர். அவ்வமைப்பு வண்டியைக் கிளப்ப உதவும். பனியில் நிறுத்த உதவாது.

சிங்கப்பூருக்குக் குளிர்கால டயர் வேண்டியதில்லை. இங்குப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 பாகையை ஒட்டியது. நமக்குப் பனியின் இடத்தில் மழை இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, பெரும்பாலும் ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. மரீனா பே வட்டாரச் சாலைகளில் நடைபெறும் இரவுநேரக் கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். 2008-இல் தொடங்கிய அப்பந்தயம், 2017-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக ஈரச்சாலையில் தொடங்கியது. அன்று சிலர் முழு மழைக்குரிய டயரையும், சிலர் இடைநிலை டயரையும் பூட்டிக்கொண்டு புறப்பட்டனர். சாலை உலர்ந்தபின் பள்ளமே இல்லாத வழவழப்பான டயருக்கு மாறினர். சாலை மாறியபோதெல்லாம் டயரும் மாறியது. நம் தந்தையரின் வண்டிகளுக்கு அவ்வாறு மாற்ற ஆள்கள் காத்திருப்பதில்லை. ஆகவே நம் டயரிலுள்ள பள்ளங்களே நீரை வெளியேற்றியாக வேண்டும். புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுடையது. அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரை இங்குச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் உள்ளன; டயரின் மேற்பரப்பு அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் வாழ்நாள் முடிந்தது என்று பொருள். பள்ளம் தேய்ந்தால் நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் நடுவே தங்கும். வண்டி நீரின்மேல் மிதக்கும். கார் மட்டும் அன்று; விடியலில் சாலைப்பாலத்தைக் கடந்து வேலைக்கு வரும் மோட்டார் சைக்கிளும், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் லாரியும் அவ்வாறே மிதக்கும்.

இவற்றை வகுப்பில் விளக்கிய மறுவாரம் அதே மாணவி மீண்டும் வந்தாள். சித்தப்பாவைப் பற்றிப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் கீழ்த்தளத்திற்கு இறங்கிச் சென்று, அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்டயரைக் கைவிரலால் தடவிப் பார்த்தாராம். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடையின்றி ஓடியதாம். அந்தச் சனிக்கிழமையே அப்பா சிராங்கூன் சாலைப் பக்கமுள்ள கடையொன்றில் புதிய டயர் மாற்றிக்கொண்டு வந்தார். பாட்டியும் உடன் சென்றிருந்தார்.

"டயரில் எவ்வளவு பால் இருக்கிறது என்று பாட்டி கடைக்காரரிடம் கேட்டாராம், ஐயா. அவருக்குத் தெரியவில்லையாம்," என்றாள் அம்மாணவி.