ஜிபே நம்பர் மட்டும் போதுமா?

2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், இந்தியாவில் நடந்த யூபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. டீக்கடையில்கூட ஸ்கேன் செய்யத் தயங்குபவர்கள் குறைவு. ஆனால் வீட்டிலிருந்தபடி இட்லிப் பொடியோ இளம்பிள்ளைச் சேலையோ இணையத்தில் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விலை விசாரித்து, நிறம் தேர்ந்தெடுத்து, முகவரியும் அனுப்பிவிட்டு, பணம் கட்டும் இடத்தில் காணாமல் போகும் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்வார்கள். கடையில் பொருள் கையில் இருக்கிறது. இங்கே முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம். அந்தத் தயக்கம் முழுக்க நியாயமானது. அதைக் கூட்டுவது பல நேரம் விற்பவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகள்தான்.

"போட்டோவுக்குக் கீழே ஜிபே நம்பர் போட்டாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்பது அவற்றில் முதலாவது. வாடிக்கையாளர் அந்த எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு பெயர் வருகிறது. 2025 ஜூன் இறுதியிலிருந்து, வங்கிக் கணக்கில் பதிவாகியுள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ விதித்திருக்கிறது. போனில் நாமாகச் சேமித்து வைத்த பெயரோ, விற்பவர் வைத்துக்கொண்ட செல்லப்பெயரோ இனி வராது. பக்கத்தின் பெயர் பூவின் பெயராக இருக்க, திரையில் மைத்துனர் பெயர் வந்தால், பின் எண்ணைப் போட வந்த விரல் நிற்கத்தான் செய்யும். நிற்பதே புத்திசாலித்தனம்.

தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கும் அதனோடு இணைந்த வணிகர் க்யூஆரும் இருப்பது நல்ல தீர்வு. பான் எண், சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் போன்ற ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. இதற்கென்று பணம் கேட்பவர் இடைத்தரகர். இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை என்றால், "ஸ்கேன் செய்தால் இன்ன பெயர் வரும், அது கடை உரிமையாளர் பெயர்" என்று க்யூஆருக்குக் கீழேயே எழுதிவிடலாம். ஒரு வரிதான், ஆனால் அதுவே பல தயக்கங்களைத் தீர்க்கும்.

வணிகர் கணக்கில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தனிநபர் கணக்குக்குத் தானே விரும்பி அனுப்பிய பணத்தை, பொருள் வரவில்லை என்று சொல்லி மீட்பது மிகக் கடினம். வணிகருக்குச் செலுத்திய பணம் என்றால், பொருள் கிடைக்கவில்லை என்று வங்கி வழியாக முறையிட யூபிஐ ஏற்பாட்டிலேயே இடமுண்டு. விற்பவருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. மோசடிப் பணம் கைமாறிக் கைமாறி ஒரு கணக்கில் வந்து விழுந்தால், சைபர் குற்றப் புகாரின் பேரில் அந்தத் தொகையையோ கணக்கையோ முடக்கிவிடுகிறார்கள். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஒரே கணக்கு என்றால் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஸ்க்ரீன்ஷாட். "பணம் போட்டுட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க" என்பது ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் இருக்கும் வாசகம். பச்சை டிக் போட்ட திரையை அச்சு அசலாகக் காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்பலாம். பணம் வந்ததற்குச் சான்று விற்பவரின் வங்கிக் கணக்கில் ஏறிய வரவு மட்டுமே. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்கிக் கணக்கோடு ஒப்பிட்ட பிறகு பார்சலைக் கட்டலாம். பணம் வந்ததும் தானாகவே ரசீது போகும் பேமென்ட் லிங்க் இருந்தால் இருவருக்கும் அந்த வேலையும் மிச்சம்.

"அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லும் ‘வாடிக்கையாளர்’ வாடிக்கையாளரே இல்லை. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் பணத்தை வெளியே அனுப்புவதற்கானது. இப்படி ஏமாந்தவர் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பேமென்ட் கேட்வே என்றாலே "கமிஷன்லயே லாபம் போயிடும்" என்று ஒதுங்குவோர் பலர். கணக்குப் போட்டால் வேறு படம் தெரிகிறது. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணம் கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வணிகரிடம் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. கிரெடிட் கார்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 1,500 ரூபாய்ச் சேலைக்கு 30 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலும் 35 ரூபாய் 40 காசுதான். யூபிஐக்கும் ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக வாங்கும் நிறுவனங்கள் இருக்கலாம் என்பதால் சேரும் முன் கேட்டுவிடுவது அவசியம். ஒரு பார்சல் போய்த் திரும்பி வந்தால் ஆகும் இருவழிக் கூரியர் செலவோடு அந்த 35 ரூபாயை ஒப்பிட்டால் எது நஷ்டம் என்று புரியும்.

கூரியர் என்றதும் கேஷ் ஆன் டெலிவரி வந்துவிடுகிறது. அது இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது பாதி உண்மை. பொருளைக் கண்ட பிறகே காசு என்ற பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ்ப் பதிப்பகங்கள் வி.பி.பி.யில் புத்தகம் அனுப்பிப் போஸ்ட்மேன் கையில் பணம் வாங்கியதும் இதே முறைதான். முதல்முறை வாங்குபவருக்கு அது தெம்பு தரும். ஆனால் வாசலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பழந்துணி இருந்த கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. கூரியர்காரரிடம் கொடுத்த ரொக்கத்தைத் திரும்ப வாங்கத் தனியாக அலைய வேண்டும். முதல் ஆர்டருக்கு மட்டும், கூரியர் செலவளவு முன்பணம் வாங்கிக்கொண்டு இந்த வசதியைக் கொடுத்தால் விளையாட்டு ஆர்டர்கள் குறையும், உண்மையான வாடிக்கையாளரும் தங்குவார்.

க்யூஆர் வைத்தால் வரி வரும் என்ற அச்சமும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூரில் பல சிறு கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. யூபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை அனுப்பிய நோட்டீஸ்கள்தான் காரணம். அந்த அச்சம் தமிழ்நாட்டுக்கும் பரவியது. வரி, பணம் வந்த வழியைப் பார்த்து வருவதில்லை. ரொக்கமும் விற்பனைக் கணக்கில் சேர்ந்ததே. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணைய வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வேறு: வெளி மாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்றால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும்.

சொந்த வலைத்தளம் வைத்திருப்பவர்களுக்குப் பூட்டுச் சின்னத்தின் மேல் பெரிய நம்பிக்கை. தகவல் வழியில் திருடுபோகாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. மோசடித் தளங்களும் அதை எளிதாகப் பெறுகின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் 2023இல் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தையே எடுத்தது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனத்தின் பணப்பக்கம், படிக்கும்படியான முகவரி, அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண், பொருளைத் திருப்பும் விதி ஆகியவை அதைவிடக் கூடுதலாகப் பேசும்.

எல்லாவற்றையும் சோதிக்கும் நேரம், "காசு கட் ஆயிடுச்சு, உங்களுக்கு வரலையா?" என்று செய்தி வரும் நேரம்தான். "வரலைங்க, திரும்பப் போடுங்க" என்று பதில் அனுப்பும் விற்பவர் அந்த வாடிக்கையாளரை அன்றோடு இழக்கிறார். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்குச் செலுத்தும்போது கணக்கில் கழிந்து, உறுதிசெய்தி வணிகருக்கு வராத யூபிஐ தொகை, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைச் சொல்லி, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, சேலையை அதுவரை எடுத்து வைக்கிறேன் என்பவரிடம் அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரையும் கொடுப்பார். பொருள் பிடிக்காமல் திருப்பும்போதும் அப்படித்தான்: பணம் வந்த அதே வழியில் திருப்பி அனுப்பி, அதன் எண்ணைத் தர வேண்டும். ரீஃபண்டுக்காக வாடிக்கையாளரிடம் புது லிங்கையோ க்யூஆரையோ நீட்டவே கூடாது. மோசடிக்காரர்கள் செய்வதும் அதையேதான்.